அட்டை, மரவட்டை, கடல் அட்டை: விலங்குகளை இனம் பிரிப்பது எப்படி?

அட்டை, மரவட்டை, கடல் அட்டை. பெயரைக் கேட்டால் ஒரே வீட்டுப் பிள்ளைகள் போலிருக்கும். உண்மையில் இவற்றுக்குள் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இரத்தம் உறிஞ்சும் அட்டைக்கு உடல் முழுக்க வளையங்கள், இரு முனைகளிலும் உறிஞ்சிகள், கால் கிடையாது. அது மண்புழுவுக்கு உறவு. மரவட்டைக்கு ஓடு போன்ற மேல்தோலும் மடங்கும் கால்களும் உண்டு. நண்டு, தேள், வண்டு எல்லாம் இருக்கும் கூட்டம் அதனுடையது. கடல் அட்டையோ நட்சத்திர மீனுக்கு உறவு. வெள்ளரிக்காய் போல நீண்டு கிடந்தாலும், குறுக்கே அறுத்துப் பார்த்தால் உடல் ஐந்து கூறாக அமைந்திருப்பது தெரியும். நீளமாக இருந்து மெதுவாக நகர்ந்தால் நம் பேச்சில் அது 'அட்டை', அவ்வளவுதான்.

விலங்குகளை வகைப்படுத்தக் கற்கும் பிள்ளைகள் முதலில் தடுக்கி விழுவது பெயர்களில்தான். நட்சத்திர மீன், ஜெல்லி மீன், கணவாய் மீன் மூன்றும் மீன்கள் இல்லை. பெயரில் மீனே இல்லாத கடல்குதிரை அசல் மீன். எட்டுக்கால் பூச்சி என்கிறோமே, அந்தச் சிலந்தி பூச்சி இல்லை. கம்பளிப்புழு புழு இல்லை, அது பூச்சியின் குழந்தைப் பருவம். வயிற்றில் பூச்சி என்கிறோம், அங்கே இருப்பது புழு. வெள்ளெறும்பு என்று சொல்லப்படும் கரையான் எறும்பைவிடக் கரப்பான்பூச்சிக்கே நெருக்கம். கழுதைப்புலி கழுதையும் இல்லை, புலியும் இல்லை. பார்க்க நாய் மாதிரி இருக்கும், ஆனால் நாய்ப் பக்கத்தைவிடப் பூனைப் பக்கத்துக்குத்தான் நெருக்கம்.

இன்னும் ஒரு படி மேலே போனால், 'விலங்கு' என்ற சொல்லே சிக்கல் செய்கிறது. பேச்சு வழக்கில் நாலுகால் பிராணிதான் விலங்கு. பறவை வேறு, பூச்சி வேறு, மனிதன் வேறு. உயிரியலில் அப்படி இல்லை. தன் உணவைத் தானே தயாரிக்காமல், வேறு உயிர்களையோ அவற்றின் எச்சங்களையோ உட்கொண்டு செரித்து வாழ்வதும், பல செல்களால் ஆனதும், அந்தச் செல்களைச் சுற்றித் தாவரங்களுக்கு இருப்பதுபோல உறுதியான சுவர் இல்லாததும் விலங்கு. இந்தக் கணக்கில் எறும்பு விலங்கு, காக்கை விலங்கு, நாமும் விலங்கு. பாறையில் ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடக்கும் கடற்பஞ்சும், கிளைவிட்ட செடிபோல் நிற்கும் பவளமும்கூட விலங்குகளே. 'நகர்ந்தால் விலங்கு, நகராவிட்டால் தாவரம்' என்று சொல்லிக் கொடுத்தால் பவளத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

'பறப்பன', 'ஊர்வன' என்ற பாடநூல் சொற்களிலும் இதே வம்பு உண்டு. பறப்பதெல்லாம் பறப்பன என்றால் வௌவாலும் பட்டாம்பூச்சியும் உள்ளே வந்துவிடும், நெருப்புக்கோழியும் பென்குயினும் வெளியே போய்விடும். ஊர்வதெல்லாம் ஊர்வன என்றால் நத்தையும் மண்புழுவும் வரிசையில் நிற்கும். இவை செய்யும் வேலையைச் சொல்லும் சொற்கள் அல்ல, குழுவின் பெயர்கள். பறவைகளை 'பறவைகள்' என்றே சொல்லிவிடுவது பாதிக் குழப்பத்தைக் குறைக்கும்.

எந்தக் கேள்வியை முதலில் கேட்பது?

ஒரு குவியலைப் பிரிக்க ஆயிரம் வழி உண்டு. எங்கே வாழ்கிறது, என்ன தின்கிறது, எத்தனை கால், என்ன நிறம் என்று எதை வைத்தும் பிரிக்கலாம். கேட்கும் கேள்விக்கேற்பக் குழுக்கள் மாறும். தொல்காப்பியத்தின் மரபியல் உயிர்களைப் பிரிக்க எடுத்துக்கொண்டது புலனறிவை. அதன்படி புல்லும் மரமும் ஓரறிவு, எறும்பும் கரையானும் மூவறிவு, நண்டும் தும்பியும் நான்கறிவு. இன்றைய உயிரியல் நண்டையும் தும்பியையும் வேறு வேறு வகுப்பில் வைக்கும். அதற்காக அந்தப் பழைய பகுப்பைத் தவறு என்று சொல்லிவிட முடியாது. அது கேட்ட கேள்வி வேறு. கிரேக்கத்தில் அரிஸ்டாட்டில் சிவந்த இரத்தம் உள்ளவை, இல்லாதவை என்று பிரித்தார். நம் முதுகெலும்புப் பகுப்புக்கு அது ஏறத்தாழப் பொருந்திவருகிறது.

இன்று நாம் வைத்திருக்கும் முறைக்கு அடித்தளம் போட்டவர் ஸ்வீடன் நாட்டின் கார்ல் லின்னேயஸ். 1735-இல் வெளியிட்ட முதல் பட்டியலில் திமிங்கிலத்தை மீன்களோடு வைத்தார். 1758-இல் வந்த 10-ஆம் பதிப்பில் அதைப் பாலூட்டிகளுக்கு மாற்றினார். அதே பதிப்பில் வௌவாலைக் குரங்குகளோடும் சுறாவைத் தவளைகளோடும் சேர்த்திருந்தார், பின்னால் வந்தவர்கள் பிரித்தெடுத்தார்கள். பிள்ளைகள் திமிங்கிலத்தை மீன் என்று எழுதினால் திட்டுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளலாம். 1859-இல் டார்வினின் பரிணாமக் கொள்கை வெளியான பிறகுதான் ஒரு விஷயம் தெளிவானது. உடலமைப்பு ஒத்துப்போவதற்குப் பெரும்பாலும் காரணம் பொது மூதாதை. ஆகவே 'இது எங்கே வாழ்கிறது?' என்பதைவிட 'இது யாருடைய வழியில் வந்தது?' என்ற கேள்விக்கு எடை கூடியது.

வாழும் இடம் ஏன் நம்பத் தகாதது என்பதற்குச் சுறா, டால்பின் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் ஒரே வடிவம், முதுகில் துடுப்பு, படகுபோல் உடல். தண்ணீரைக் கிழித்து வேகமாகப் போக அந்த வடிவம்தான் தோது என்பதால் இரண்டும் தனித்தனி வழியில் அங்கே வந்து சேர்ந்திருக்கின்றன. வாலைக் கவனித்தால் குட்டு வெளிப்படும். சுறாவின் வால் செங்குத்தாக நின்று இடவலமாக அடிக்கும். டால்பினின் வால் படுக்கையாக இருந்து மேலும் கீழுமாக அடிக்கும். நாலுகாலில் ஓடும் பாலூட்டியின் முதுகு வளைந்து நிமிர்வதும் இதே திசையில்தான். டால்பினின் துடுப்புக்குள் விரல் எலும்புகள் இருக்கின்றன. அது நுரையீரலால் மூச்சு விடுகிறது, குட்டிக்குப் பால் கொடுக்கிறது.

தின்னும் உணவும் அப்படியே. பாண்டா கரடியின் உணவு கிட்டத்தட்ட முழுக்க மூங்கில். ஆனால் அது இருக்கும் வரிசையின் பெயர் ஊனுண்ணிகள், புலியும் நாயும் இருக்கும் அதே வரிசை. பற்களும் மண்டை ஓடும் முன்னோர்களும் அங்கேதான் சேர்க்கின்றன. ஆடு தின்பதைத் தின்பதால் பாண்டா ஆட்டுக்கு உறவாகிவிடாது.

முதுகெலும்பு: வெளியே தெரியாத முதல் பிரிவு

பாடம் வழக்கமாக முதுகெலும்பு உள்ளவை, இல்லாதவை என்று தொடங்கும். தொடங்க எளிது, ஆனால் இரண்டு விஷயங்களைச் சொல்லிவிட வேண்டும். ஒன்று, இது சமமான பிரிவு இல்லை. இதுவரை விவரிக்கப்பட்ட விலங்கினங்கள் சுமார் 15 லட்சம். அதில் முதுகெலும்பு உள்ளவை ஏறத்தாழ 75,000, அதாவது நூற்றுக்கு ஐந்து. அந்த ஐந்திலும் பாதி மீன்கள். மறுபக்கம் பூச்சிகள் மட்டுமே 10 லட்சம், அவற்றில் வண்டினங்கள் 3.5 லட்சத்துக்கு மேல். படப்புத்தகங்களில் சிங்கமும் யானையும் பத்துப் பக்கம் பிடித்துக்கொண்டு, பூச்சிகளுக்கு ஒரு பக்கம் ஒதுக்குவது உண்மை நிலவரத்தைத் தலைகீழாகக் காட்டுகிறது.

இரண்டு, முதுகெலும்பை வெளியிலிருந்து பார்க்க முடியாது. 'நண்டு கெட்டியாக இருக்கிறது, அதனால் எலும்பு உண்டு' என்பது மிகச் சாதாரணமான தவறு. நண்டின் கெட்டி வெளியில் இருக்கிறது. அது புறச்சட்டகம், உடம்போடு சேர்ந்து வளராது. அதனால் நண்டு அவ்வப்போது சட்டை உரித்து, சில காலம் மென்மையாகக் கிடந்து, புதிய ஓடு இறுகிய பிறகுதான் வெளியே வரும். ஆமையோ நேர்மாறு. அதன் ஓட்டைப் பார்த்து நத்தையோடு சேர்ப்பவர்கள் உண்டு. ஆமையின் மேலோடு அதன் விலா எலும்புகளும் முதுகெலும்பும் அகன்று ஒன்றாக இணைந்து உருவானது. ஓட்டை விட்டு ஆமை வெளியே வருவது கேலிச்சித்திரத்தில் மட்டுமே நடக்கும்.

பாம்பு வளைவதைப் பார்த்து எலும்பில்லை என்று நினைப்பார்கள். அதற்கு இருக்கும் முள்ளெலும்புகள் நூற்றுக்கும் மேல். பல இனங்களில் 300-ஐத் தாண்டும். அத்தனை சிறு மூட்டுகள் இருப்பதால்தான் அப்படி வளைகிறது. சுறாவின் சட்டகம் குருத்தெலும்பால் ஆனது, ஆனால் முள்ளெலும்புத் தொடர் உண்டு. ஆகவே அதுவும் முதுகெலும்பிதான்.

கால்களை எண்ணுவது ஒரு கலை

முதுகெலும்பில்லாதவற்றில் மிகப் பெரிய தொகுதி கணுக்காலிகள். மடங்கும் மூட்டுக் கால்கள், கெட்டியான மேலுறை, துண்டு துண்டாக அமைந்த உடல் இந்த மூன்றும் அடையாளம். உள்ளே பூச்சிகள், சிலந்தி வகையறா, நண்டு இறால் வகையறா, பூரான் மரவட்டை வகையறா. பிரிக்கக் காலை எண்ணச் சொல்வார்கள். ஆறு என்றால் பூச்சி, எட்டு என்றால் சிலந்தி, பத்து என்றால் நண்டு. நல்ல விதி. எண்ணும்போது எங்கே தப்பு வரும் என்பதையும் சொன்னால்தான் பயன்படும்.

சிலந்திக்குக் கால் பத்து என்று எண்ணிக்கொண்டு வருவார்கள். வாயருகே இரண்டு குட்டிக் கால்கள் போல நீட்டிக்கொண்டிருக்கும். அவை தொட்டுணரும் உறுப்புகள், நடப்பதற்கு இல்லை. தேளின் கொடுக்குகளும் அதே உறுப்புதான், பெரிதாகிப் பிடிக்கும் கருவியாக மாறியிருக்கிறது. ஆகவே தேளுக்குக் கால் எட்டு, கொடுக்கு கணக்கில் வராது. நண்டின் கொடுக்கு அப்படி இல்லை, அது முதல் ஜோடிக் கால். அதையும் சேர்த்துத்தான் பத்து. பார்க்க ஒன்றுபோல் இருக்கும் இரண்டு கொடுக்குகளில் ஒன்றை எண்ண வேண்டும், ஒன்றை விட வேண்டும்.

கம்பளிப்புழுவுக்குக் கால் பதினாறு இருக்கலாம். பூதக்கண்ணாடியில் பாருங்கள். தலைக்குப் பின்னால் மூட்டுள்ள, கூர்மையான மூன்று ஜோடி இருக்கும். அவைதான் உண்மைக் கால்கள், ஆறு. பின்பக்கம் இருப்பவை சதைக்குமிழ் போன்ற போலிக்கால்கள், நுனியில் இலையைப் பற்றிக்கொள்ள நுண்ணிய கொக்கிகள். அவை பெரும்பாலும் ஐந்து ஜோடிக்கு மேல் போகாது. பட்டாம்பூச்சியானதும் போலிக்கால்கள் மறைந்துவிடும், ஆறு நிலைக்கும். அந்த ஆறையும் சில பட்டாம்பூச்சிகளில் பார்க்க முடியாது. முன்கால் இரண்டும் சுருங்கி மார்போடு ஒட்டியிருப்பதால் நாலு காலில் நிற்பதுபோல் தெரியும்.

எண்ணிக்கை குழப்பினால் உணர்கொம்புக்குப் போங்கள். பூச்சிக்கு ஒரு ஜோடி, நண்டு இறாலுக்கு இரண்டு ஜோடி, சிலந்திக்கும் தேளுக்கும் அறவே கிடையாது. கால் உடைந்துபோன மாதிரியைக் கையில் வைத்திருப்பவருக்கு இதுதான் கைகொடுக்கும். உடல் பகுதிகளும் உதவும். பூச்சிக்குத் தலை, மார்பு, வயிறு என மூன்று. சிலந்திக்குத் தலையும் மார்பும் சேர்ந்து ஒன்று, வயிறு ஒன்று.

பூரானையும் மரவட்டையையும் பிரிக்க மொத்தக் கால்களை எண்ணி நேரத்தை வீணாக்க வேண்டாம். ஒரு துண்டைப் பாருங்கள். ஒரு துண்டுக்கு ஒரு ஜோடிக் கால், தட்டையான உடல், வேகமான ஓட்டம் என்றால் பூரான். பெரும்பாலான துண்டுகளில் இரண்டு ஜோடி, உருண்ட உடல், தொட்டால் சுருளும் என்றால் மரவட்டை. பூரானை நூறுகாலி என்பார்கள். முழு வளர்ச்சி பெற்ற பூரானின் கால் ஜோடிகள் எப்போதும் ஒற்றைப்படையில்தான் இருக்கும் என்பதால் சரியாக நூறு கால் இருக்க வாய்ப்பே இல்லை. மரவட்டையின் ஆயிரங்காலி என்ற பட்டமும் நெடுங்காலம் மிகைதான். 2021-இல் ஆஸ்திரேலியாவில் 1,306 கால்கள் கொண்ட ஓர் இனத்தை விவரித்தார்கள். பட்டத்துக்கு ஏற்ற ஆள் அப்போதுதான் கிடைத்தது.

மற்ற தொகுதிகளை விரைவாகச் சொல்லிவிடலாம். மெல்லுடலிகள் நத்தை, சிப்பி, கணவாய், எண்காலி (ஆக்டோபஸ்). ஓடு வெளியே இருக்கலாம், கணவாய்போல உள்ளே போயிருக்கலாம், எண்காலியைப்போல ஏறத்தாழ மறைந்தே போயிருக்கலாம். மென்மையான, துண்டுகளில்லாத உடல்தான் பொது. வளைத்தசைப் புழுக்கள் மண்புழுவும் அட்டையும். உருளைப்புழுக்களுக்கு அந்த வளையங்கள் கிடையாது, வழவழப்பான நூல்போல இருக்கும். தட்டைப்புழுக்கள் நாடா மாதிரி. முட்தோலிகளில் நட்சத்திர மீன், கடல் முள்ளெலி, கடல் அட்டை. ஐந்து கூறு அமைப்பும் குழாய்க்கால்களும் அடையாளம், எல்லாமே கடலில்தான். குழியுடலிகள் ஜெல்லி மீனும் பவளமும். ஒரே வாசல், அதுவே வாய், கழிவு போவதும் அதன் வழிதான். கடைசியில் துளையுடலிகளான கடற்பஞ்சுகள். இவை தவிரவும் தொகுதிகள் உண்டு, மொத்தம் முப்பதுக்கு மேல். பள்ளிக்கு இவை போதும்.

ஐந்து வகுப்புகளும் அவற்றின் ஓட்டைகளும்

மீன்கள், இருவாழ்விகள் (தவளை வகையறா), ஊர்வன, பறவைகள், பாலூட்டிகள் என்ற ஐந்தையும் மனப்பாடம் செய்வது சுலபம். எந்த அடையாளத்தை நம்புவது என்பதில்தான் சிக்கல். ஒவ்வொரு வகுப்புக்கும் ஏமாற்றும் அடையாளமும் ஏமாற்றாத அடையாளமும் உண்டு.

பறவைக்கு ஏமாற்றாத அடையாளம் இறகு. இன்று உயிரோடு இருப்பவற்றில் இறகுள்ளதெல்லாம் பறவை, பறவையெல்லாம் இறகுள்ளது. பறப்பதும் முட்டையிடுவதும் அலகும் போதாது. வௌவாலின் இறக்கையை விரித்துப் பார்த்தால் நீண்ட விரல் எலும்புகளுக்கு இடையே தோல் இழுத்துக் கட்டியிருக்கும், குடைக்கம்பியும் துணியும் போல. உடம்பில் முடி, குட்டிக்குப் பால், ஆகவே பாலூட்டி. பாலூட்டி இனங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று வௌவால் என்பதால் இதை ஏதோ விதிவிலக்கு என்று ஒதுக்கவும் முடியாது.

பாலூட்டிக்குப் பாலும் முடியும். 'குட்டி போடுவது' நம்பத் தகாதது. பிளாட்டிபஸும் எக்கிட்னாக்களும் முட்டையிடும் பாலூட்டிகள். அலகும் நீர்நாய் போன்ற உடலும் கொண்ட பிளாட்டிபஸை 1799-இல் விவரித்த ஜார்ஜ் ஷா, யாராவது இரண்டு பிராணிகளை ஒட்டவைத்து ஏமாற்றுகிறார்களோ என்று சந்தேகப்பட்டார். அது முட்டையிடுகிறது என்பது உறுதியாக 1884 ஆகிவிட்டது. மறுபக்கம், சுறாக்களிலும் பாம்புகளிலும் பல இனங்கள் உயிருள்ள குட்டியை ஈனுகின்றன. எறும்புத்தின்னியான அழுங்கின் மேல் இருக்கும் செதிலைப் பார்த்து ஊர்வனவில் போடாதீர்கள். அது நம் நகத்தில் இருக்கும் அதே கெரட்டின், வயிற்றுப் பக்கம் முடி இருக்கும்.

இருவாழ்விக்கும் ஊர்வனவுக்கும் இடையே தோல்தான் தீர்ப்பு சொல்லும். சாலமாண்டரையும் பல்லியையும் அருகருகே வைத்தால் வடிவம் ஒன்றுதான். சாலமாண்டரின் தோல் ஈரமாக, செதிலற்று இருக்கும், விரல் நுனியில் உண்மையான நகம் இருக்காது. பல்லியின் தோல் உலர்ந்து செதில் படர்ந்திருக்கும். முட்டையும் சாட்சி. தவளை முட்டை ஓடில்லாத கூழ், காற்றில் காய்ந்துவிடும், அதனால் ஈரம் வேண்டும். பல்லி, ஆமை, முதலை முட்டைகளுக்கு ஓடு உண்டு, நிலத்திலேயே இருக்கலாம். கடலிலேயே காலம் தள்ளும் கடலாமைகூட முட்டையிடக் கரைக்கு வந்தே ஆக வேண்டும்.

'குளிர் இரத்தம்' என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெயிலில் கிடக்கும் ஓணானின் இரத்தம் குளிர்ந்திருக்காது, சூடாகத்தான் இருக்கும். சூழலுக்கேற்ப உடல் வெப்பம் மாறுகிறது என்பதுதான் பொருள். சூரை மீன்களில் சில தம் தசை வெப்பத்தைச் சுற்றியுள்ள நீரைவிடக் கூட்டி வைத்துக்கொள்கின்றன. இந்த அடையாளத்தைக் கடைசி ஆளாக வைத்துக்கொள்ளுங்கள், முதல் கேள்வியாக வேண்டாம்.

புலிக்கு யார் எவ்வளவு தூரத்து உறவு?

உலகம், தொகுதி, வகுப்பு, வரிசை, குடும்பம், பேரினம், சிற்றினம் என்ற ஏழு படிகளை வாய்ப்பாடு போல ஒப்பிப்பதைவிட ஒரு விலங்கை நடுவில் நிறுத்தி அளந்து பார்ப்பது மேல். புலியை எடுத்துக்கொள்வோம். சிங்கமும் புலியும் பேரினம் வரை ஒன்று, சிற்றினத்தில்தான் பிரிகின்றன. வீட்டுப் பூனை குடும்பம் வரை புலியோடு வரும், பேரினத்தில் பிரியும். நாய் வரிசை வரை வரும், குடும்பத்தில் பிரியும். மாடு வகுப்போடு நின்றுவிடும், இரண்டும் பாலூட்டிகள் என்பதுதான் பொது. தவளைக்குத் தொகுதி மட்டும் ஒன்று. பட்டாம்பூச்சியோடு விலங்குலகம் என்ற ஒன்றைத் தவிர வேறு படி பொது இல்லை. எந்தப் படியில் பிரிகிறார்கள் என்பது எவ்வளவு தூரத்து உறவு என்பதைக் காட்டும்.

கடைசி இரு படிகளையும் சேர்த்துச் சொன்னால் அறிவியல் பெயர். புலி பாந்தெரா டைகிரிஸ், சிங்கம் பாந்தெரா லியோ, வீட்டுப் பூனை ஃபெலிஸ் கேட்டஸ். ரோமன் எழுத்தில் எழுதும்போது பேரினப் பெயரின் முதல் எழுத்து மட்டும் பெரியது, சிற்றினப் பெயர் முழுக்கச் சிறிய எழுத்து. அச்சில் சாய்வெழுத்து, கையால் எழுதினால் அடிக்கோடு. தேர்வில் மதிப்பெண் போவது பெரும்பாலும் இந்தச் சின்ன விஷயத்தில்தான்.

சிற்றினம் என்றால் என்ன? தமக்குள் இனப்பெருக்கம் செய்து, அதன் சந்ததியும் இனப்பெருக்கம் செய்யக்கூடிய கூட்டம் என்பது பள்ளி அளவில் போதுமான விளக்கம். குதிரைக்கு 64 குரோமோசோம்கள், கழுதைக்கு 62. இரண்டும் சேர்ந்து பிறக்கும் கோவேறு கழுதைக்கு 63. ஜோடி சேராத அந்த எண்ணிக்கை ஒரு காரணமாக, அதற்குக் குட்டி பிறப்பது மிக அபூர்வம். ஆகவே குதிரையும் கழுதையும் இரண்டு சிற்றினம். உள்ளங்கையில் அடங்கும் நாயும் கன்றுக்குட்டி உயர நாயும் ஒரே சிற்றினம். உருவ அளவு இங்கே எதையும் தீர்மானிப்பதில்லை.

உறவை மட்டுமே அளவுகோலாக வைத்தால் ஐந்து வகுப்புகளே ஆட்டம் காணும் என்பதையும் பெரிய பிள்ளைகளிடம் மறைக்க வேண்டாம். இன்று வாழும் விலங்குகளில் முதலைக்கு மிக நெருங்கிய உறவு பல்லியோ பாம்போ அல்ல, பறவைகள். முதலைக்கும் பறவைக்கும் நான்கு அறை இதயம், மற்ற ஊர்வனவுக்கு அப்படி இல்லை. முதலை கூட்டைக் காவல் காக்கும், குஞ்சுகளை வாயில் தூக்கிப்போய்த் தண்ணீரில் விடும். பறவையை வெளியே வைத்துவிட்டு ஊர்வன என்று ஒரு வகுப்பை வரைவது, ஒரு குடும்பப் படத்தில் மூத்த பிள்ளையை மட்டும் வெட்டி எடுப்பதுபோல. திமிங்கிலத்துக்கு நிலத்தில் வாழும் நெருங்கிய உறவு நீர்யானை என்று டி.என்.ஏ. ஒப்பீடு காட்டியது. நுரையீரல் மீனோ மற்ற மீன்களைவிட நமக்கே நெருக்கம்.

சொந்தமாக ஒரு திறவுகோல் செய்வது

படித்ததைச் சோதிக்க நல்ல வழி, ஆம்-இல்லை கேள்விகளால் ஆன திறவுகோல் ஒன்றைத் தயாரிப்பது. எட்டு விலங்குகள் எடுத்துக்கொள்ளுங்கள்: வௌவால், கிளி, சுறா, தவளை, வீட்டுப் பல்லி, சிலந்தி, மண்புழு, நத்தை. ஒவ்வொன்றையும் தனியாகப் பிரிக்கச் சரியாக ஏழு கேள்விகள் போதும். எத்தனை விலங்கோ அதற்கு ஒன்று குறைவு. அதற்கு மேல் போனால் எங்கோ ஒரு கேள்வி வெட்டியாக நிற்கிறது. முதல் வரைவு இப்படி இருக்கும்:

1. முதுகெலும்பு உண்டா? உண்டு: 2. இல்லை: 6.
2. முடி உண்டா? உண்டு: வௌவால். இல்லை: 3.
3. இறகு உண்டா? உண்டு: கிளி. இல்லை: 4.
4. செதில் உண்டா? உண்டு: 5. இல்லை: தவளை.
5. செவுளால் மூச்சு விடுகிறதா? ஆம்: சுறா. இல்லை: பல்லி.
6. மூட்டுள்ள கால் உண்டா? உண்டு: சிலந்தி. இல்லை: 7.
7. உடலில் வளையங்கள் உண்டா? உண்டு: மண்புழு. இல்லை: நத்தை.

பார்க்கக் கச்சிதம். வேறொரு பிள்ளையிடம் சுறா படத்தைக் கொடுத்துப் பாருங்கள், 4-இல் 'செதில் இல்லை' என்று சொல்லித் தவளையில் போய் நிற்பார். சுறாவின் செதில்கள் பல்லைப்போன்ற நுண்ணிய முட்கள். தடவினால் உப்புத்தாள் போல உரசும், கண்ணுக்கு மழமழவென்றுதான் தெரியும். கேள்வி தவறில்லை, கேட்ட இடம் தவறு. 4-ஐயும் 5-ஐயும் மாற்றிப் போட்டு, செவுளை முதலில் கேட்டால் சுறா பத்திரமாக வெளியேறிவிடும். பிறகு செதில் கேள்வி பல்லிக்கும் தவளைக்கும் மட்டும். செவுள் கேள்வியில் 'வளர்ந்த நிலையில்' என்று சேர்க்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் தலைப்பிரட்டையை நினைத்துக்கொண்டு ஒருவர் தவளையைச் சுறாவோடு அனுப்புவார்.

'பெரியதா?', 'தண்ணீரில் இருக்குமா?', 'ஆபத்தானதா?' போன்றவை உதவாது. ஆளுக்கு ஒரு பதில் வரும். படத்திலோ மாதிரியிலோ பார்த்துச் சொல்ல முடிகிற, இரண்டே பதில் உள்ள கேள்வி வேண்டும். அப்படிப் பார்த்தால் முதல் கேள்வியான முதுகெலும்பே விதியை மீறுகிறது. அதற்குப் பதில் தெரியாமல் நிற்கும் பிள்ளைக்கு வெளி அடையாளங்களைச் சிறு குறிப்பாக அடியில் எழுதிவைக்கலாம்.

இப்போது ஒன்பதாவதாகப் பாம்பைச் சேருங்கள். செதில் கேள்வியில் அது பல்லியோடு போய் நிற்கும், இன்னொரு கேள்வி வேண்டும். 'கால் உண்டா?' என்று எழுதத் தோன்றும், வேலை செய்யும். பத்தாவதாகக் காலில்லாப் பல்லி வந்தால் அந்தக் கேள்வி அதைப் பாம்போடு சேர்த்துவிடும். 'கண் இமை உண்டா?' என்று மாற்றினால் வேறு தொல்லை. வீட்டுப் பல்லிக்கும் அசையும் இமை கிடையாது, அது கண்ணை நாக்கால் நக்கித் துடைத்துக்கொள்ளும். ஆகவே பல்லி பாம்பிடம் போய்விடும். 'வெளியே தெரியும் காதுத்துளை உண்டா?' என்று கேளுங்கள். பாம்புக்கு எப்போதும் இல்லை, அது தனியே பிரியும். வீட்டுப் பல்லிக்கு உண்டு, காலில்லாப் பல்லிகளில் பலவற்றுக்கும் உண்டு, இரண்டும் சேர்ந்து நிற்கும். அதற்கு அடுத்துக் காலைக் கேட்டு அவற்றைப் பிரிக்கலாம். பத்து விலங்கு, ஒன்பது கேள்வி.